மஞ்சள் பெட்டி போதும்

கிளான் சென்டார் என்கிற பழைய கிட்டார் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று விற்பனைக்கு வந்தால் போதும், ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்கிறார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது. விலையைவிட எரிச்சலூட்டுவது, கூடவே கிளம்புகிற உபதேசம்: "நல்ல டியூப் ஆம்ப் வாங்கியிருக்கிறாய், அதன் முன்னால் மலிவுப் பெடலை வைத்துக் கெடுத்துவிடாதே." ஏதோ பட்டு வேட்டியில் மைக்கறை படப்போகிற மாதிரி. இருந்த காசையெல்லாம் ஆம்புக்கே கொட்டிவிட்டு நிற்கிற இளைஞனை இன்னொரு கடனுக்கு விரட்டுகிற இந்தப் பேச்சில் மின்னணுவியல் மருந்துக்கும் கிடையாது. இருப்பதெல்லாம் பக்திதான்.

டியூப் ஆம்பின் முன்னால் உட்கார்ந்து பெடல் என்னதான் செய்கிறது? கிட்டார் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்குகிற பெரிய வேலை ஆம்புக்குள் இருக்கும் 12ஏஎக்ஸ்7 டியூப்களுடையது. பெடல் வாசலில் நின்று சிக்னலைப் பலமாகத் தள்ளிவிடுகிறது. தள்ளும்போது பேஸைக் குறைத்து நடு அலைவரிசையை எடுப்பாக்குகிறது. ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் என்ற பெடலில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் சரிந்துகொண்டே போகும். அதைச் செய்வது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு டீயின் விலை பெறாது. வேலை செய்யப்போவது டியூப். கூலி மட்டும் பெடலுக்கா?

இதே வேலையைச் செய்கிற, பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 என்ற மஞ்சள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் வந்தது, இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது, நூறு டாலருக்குள் முடிந்துவிடும். 1987-இல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜாக் வைல்ட், மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்பின் முன்னால் வைத்து வாசித்தது இதே மஞ்சள் பெட்டியைத்தான். டிரைவ் குமிழை இடக்கோடிக்குத் திருப்பி, லெவலை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி, உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் அழுத்திக்கொண்டு தடித்த ஆறாவது கம்பியை அடித்துப் பாருங்கள். பெடலை மிதிப்பதற்கு முன்பு தொளதொளவென்று பரவிக்கிடந்த அடி, மிதித்ததும் இறுகி, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். அரங்கம் அரங்கமாக அதிரவைத்த ஆளுக்குப் போதுமானதாக இருந்த பெட்டி, படுக்கையறையில் வாசிப்பவருக்குப் போதவில்லையாம்.

பழைய பாகங்களில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று மறுப்பார்கள். டியூப் ஸ்கிரீமரின் புகழ்பெற்ற 4558 சிப், மூட்டை மூட்டையாக உற்பத்தியான மலிவான பொதுப் பயன்பாட்டு சிப். அந்தப் பெடலின் கொண்டாடப்படுகிற டிஎஸ்808 மாடலுக்கும் 1982-இல் வந்த டிஎஸ்9 மாடலுக்கும் மின்சுற்றில் சொல்லத்தக்க வித்தியாசம், வெளியேறும் முனையில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களின் மதிப்பு மட்டுமே. பழைய 808-க்குக் கேட்கிற விலையைப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்குகூடத் தோற்றுப்போகும். கிளானில் ஒலியைக் கரகரப்பாக்குகிற ஜெர்மானியம் டையோடுகளுக்கு வருகிறேன். கிளானை வைத்திருப்பவர்களில் பலர் கெயினைக் குறைத்து, வால்யூமைக் கூட்டி, வெறும் பூஸ்டராகத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நிலையில் டையோடுகளுக்குப் பெரிதாக வேலையே இல்லை. ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்ததும் சிக்னலை மின்சுற்றைத் தொடாமல் நேராக அனுப்புகிற வசதி, இல்லாத பெடல் டோனைத் தின்றுவிடும் என்பது அடுத்த மறுப்பு. எஸ்டி-1-இல் ட்ரூ பைபாஸ் இல்லை, உண்மைதான். நீங்கள் கும்பிடுகிற கிளானிலும் இல்லை; அதுவும் அணைத்திருக்கும்போது பஃபர் வழியாகவே சிக்னலை அனுப்புகிறது. மஞ்சள் பெட்டியில் குற்றமாக இருப்பது, தங்கநிறப் பெட்டியில் எப்படிக் குணமாகிவிடும்?

பெடலோடு இந்த நோய் நின்றால் பரவாயில்லை. 1995 முதல் ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப், புதுக் கிட்டாரின் வண்ணத்தைச் சுரண்டி, துருவேற்றி, பழசுபோல் ஆக்கி, அதற்கு அதிக விலையும் வைத்து விற்கிறது. நாற்பது ஆண்டுகள் வாசித்துத் தேய்க்க வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே தேய்த்துத் தருகிறார்கள். பழைய கிடங்கில் தூங்கிய டியூபுக்குத் தனி விலை, பிரபலத்தின் கையெழுத்து அச்சிட்ட பெடலுக்குத் தனி விலை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்போது அவளுக்கு மாதாமாதம் புதுக் கூடம் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஜாக் வைல்டின் மஞ்சள் பெட்டியில் யாருடைய கையெழுத்தும் இருக்கவில்லை.

கிளானை 1994-இல் விற்கத் தொடங்கிய பில் ஃபினெகன், மொத்தம் சுமார் 8,000 பெடல்கள்தான் செய்தார். மின்சுற்றைக் கறுப்பு எபாக்ஸியால் மூடியே விற்றார். பெட்டியின் பெருமையில் பாதி அந்தக் கறுப்புப் பூச்சுதான். ஆனால் 2012-இல் அதற்கு அடுத்து கேடிஆர் என்ற பெடலைக் கொண்டுவந்தபோது, இந்த அபத்தமான ஆரவாரம் தன்னால் வந்ததல்ல என்று அதன் மூடியிலேயே அச்சிட்டுவிட்டார். மூலவரே கையை விரித்துவிட்டார். பூசாரிகள்தான் இன்னும் தட்டைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள்.