எச்சிலில் தெரியாது எதிர்காலம்

குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதும். பிள்ளைக்குப் படிப்பு வருமா, விளையாட்டு வருமா என்று சொல்லிவிடுவதாக மரபணுச் சோதனை நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. ஜாதகம் பார்ப்பதைக் கேலி செய்கிற படிப்பாளிகளே அந்தச் சோதனையின் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு பலன் பார்க்கிறார்கள். மனித மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தாயிற்று, இனித் தெரியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கைதான் இந்த வியாபாரத்துக்கு முதலீடு.

நம்பிக்கையை விதைத்தவர்கள் பெரிய மனிதர்கள். 2000 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில், மரபணுத் தொகுதியைப் படித்த குழுக்களின் தலைவர்களான கிரெய்க் வென்டரையும் பிரான்சிஸ் காலின்ஸையும் உடன் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய எல்லா நோய்களின் சிகிச்சையுமே அடியோடு மாறப்போகிறது என்றார் அதிபர் கிளின்டன். அன்று கையில் இருந்தது அரைகுறை வரைவு. 2003-ல் வேலை முடிந்தது என்று அறிவித்தபோதும் சுமார் 8 சதவீதம் விடுபட்டிருந்தது. ஒரே மரபணு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை வரிசைப்படுத்த அன்றைய கருவிகளால் முடியவில்லை. அந்த இடைவெளிகள் நிரம்பியது 2022-ல். ஒய் குரோமோசோம் முழுமையானது 2023-ல். அதுவும் யாருடைய மரபணு? பழைய வரைபடத்தில் சுமார் 70 சதவீதம், அமெரிக்காவின் பஃபலோ வட்டாரத்தில் நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்து ரத்தம் கொடுக்க வந்த, பெயர் வெளியிடப்படாத ஒரே ஆளுடையது. இதற்கு மனித குலத்தின் வரைபடம் என்று பெயர்!

போகட்டும், எழுத்தெல்லாம் கிடைத்துவிட்டது. பொருள் விளங்கியதா? உயரத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோரிடமிருந்து வரும் குணங்களில் இதைவிட எளிதாக அளக்கக்கூடியது எது? 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று சுமார் 54 லட்சம் பேரின் மரபணுவை அலசி, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மாறுபாடுகளைக் கண்டுபிடித்தது. அத்தனையையும் கூட்டினால் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணும் உயர வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்துக்கு விளக்கம் கிடைக்கிறது. மற்றவர்களிடம் 10, 20 சதவீதம்தான் தேறுகிறது. அளவுநாடாவில் தெரிகிற உயரத்துக்கே இந்தக் கதி. கணக்கு வருமா, சங்கீதம் வருமா என்பதை எச்சிலில் தேடுவது துணிச்சல் அல்ல, ஏமாற்று.

ஒரே ஜீனில் ஏற்படும் பிழையால் வரும் நோய்கள் இருக்கின்றன. அங்கே சோதனை மெய்தான் சொல்லும். ஆனால் பிழையை அறிவது ஒன்று, தீர்ப்பது வேறு. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய்க்கான ஜீனை 1993-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்; குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அரிவாள் செல் சோகையின் பிழை 1950-களிலேயே தெரியும். அதற்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்க 2023 ஆனது. வைத்தியம் கட்டுபடியாகிற நோயாளிகள் கொஞ்சம்பேர்தான்.

குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்து, மருத்துவர் மரபணுச் சோதனை செய்யச் சொன்னால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை வருமா என்ற கவலைக்கு அது தேவையில்லை. அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்று கேளுங்கள், இடுப்பை அளந்து பாருங்கள், பக்கத்து ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்.