சடுகுடு நம் சொத்து, சம்பளம் மட்டும் அடுத்தவன் கொடுக்கணும்

"கபடி தமிழனின் வீர விளையாட்டு. அதைக் கார்ப்பரேட்காரன் பாய் விரித்து, கலர் லைட் போட்டு டிவியில் விற்றுவிட்டான்." ஒவ்வொரு புரோ கபடி சீசனுக்கும் இந்த வாட்ஸப் செய்தி எனக்குத் தவறாமல் வந்துவிடும். அனுப்புகிறவர்கள் யாரென்று கேட்கிறீர்களா? எல்லாம் நம்ம ஆட்கள்தான். மாட்டுங்காவில் படித்து, செம்பூரில் வளர்ந்து, இன்று நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு தமிழ் மரபைக் காப்பாற்றுகிறவர்கள். அன்று தாராவிப் பையன்கள் சாயங்காலத்தில் மண்ணில் விழுந்து புரண்டு ஆடினார்கள். பஸ் பிடித்தால் பத்து நிமிஷம், டிக்கெட்டும் கிடையாது. ஒரு நாள்கூட இவர்கள் எட்டிப் பார்த்ததில்லை. அரோரா தியேட்டரில் ரஜினி படம் ரிலீஸ் என்றால் மட்டும் விடியற்காலையிலேயே கிங்ஸ் சர்க்கிளில் கியூ நிற்கும்.

இந்தத் திட்டில் பெரும்பங்கு வாங்குகிறவர் ரோனி ஸ்க்ரூவாலா. மும்பைப் பார்சி. அவரைத் தூக்கி வைத்து ஆட எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் மனிதர் செய்ததைப் பாருங்கள். 1981-இல், தூர்தர்ஷனைத் தவிர வேறு சானலே இல்லாத காலத்தில், தென் மும்பையின் அடுக்குமாடிகளுக்குக் கேபிள் இழுத்துக் காசு பார்த்தார். டூத் பிரஷ் தயாரித்தார். 1990-இல் யுடிவியைத் தொடங்கினார். ஹங்காமா என்ற குழந்தைகள் சானலைக் கட்டி 2006-இல் டிஸ்னிக்கு விற்றார். 2012-இல் யுடிவியே டிஸ்னியிடம் போய்ச் சேர்ந்தது. நடுவில் நம்ம விஜய் டிவி சில காலம் யுடிவி கையில் இருந்து, 2001-இல் ஸ்டாருக்குப் போனது. இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? படங்களில் 'ரங் தே பசந்தி' (2006), 'ஜோதா அக்பர்' (2008). அதற்கு முன் 'ஸ்வதேஸ்' (2004), வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மைக் கண் கலங்க வைத்த படம். வசூல்தான் தேறவில்லை. அழுததில் பாதிப்பேர் திருட்டு டிவிடியில் பார்த்து அழுதவர்கள் :-)

கட்டுவார், விலை வந்தால் விற்பார். அவர் வியாபாரி, சமூக சேவகர் என்று யாரும் சொல்லவில்லை. 2014-இல் புரோ கபடி தொடங்கியபோது 'யு மும்பா' அணியை எடுத்தார். முதல் ஆட்டமே ஜூலை 26 அன்று வொர்லி உள்ளரங்கில், யு மும்பாவுக்கும் அபிஷேக் பச்சனின் ஜெய்ப்பூருக்கும். அதே இரண்டு அணிகள்தான் இறுதியிலும் மோதின. ஜெய்ப்பூர் 35–24 என்று ஜெயித்தது. ஜெயித்த அணிக்குப் பயிற்சியாளர் நம்ம தமிழ்நாட்டு கே. பாஸ்கரன். வாட்ஸப் வீரர்கள் இதையெல்லாம் ஃபார்வர்ட் செய்வதில்லை. யு மும்பா மறு வருஷம் கோப்பையை வாங்கியது.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் சீசன் ஏலத்தில் மிக அதிக விலை 12.80 லட்சம், ராகேஷ் குமாருக்கு. அதையே அன்று பெரிய செய்தியாகப் போட்டார்கள். 2018-இல் மோனு கோயத்துக்கு 1.51 கோடி. 2023-இல் பவன் செராவத்துக்கு 2.605 கோடி. அதற்கு முன் கபடி ஆடினால் என்ன கிடைத்தது? ரயில்வே, போலீஸ், பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். என் வகுப்பில் தாராவியிலிருந்து வந்த ஒருத்தன் இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். முழங்கால் போனது, ஆட்டமும் போனது. கோட்டா வேலைக்கு மனுப் போடும் வயதுகூட வரவில்லை. அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்த வீர மரபும் வந்து நிற்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? 'கில்லி' எடுத்தோம், 'வெண்ணிலா கபடிக்குழு' எடுத்தோம், கைதட்டினோம். மேடையில் 'கை பிடி'தான் 'கபடி' ஆனது என்று வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்தோம். தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-இல், பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். பாட்னாவுக்கு! தமிழ் தலைவாஸ் என்ற அணி வந்ததே 2017-இல்தான்.

பாய் வந்து மண்வாசனை போச்சு என்கிறார்கள். ஐயா, புரோ கபடிக்கு முன்பே ஆசிய விளையாட்டில் பாய்தான். மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற விதி டிவிக்காகச் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். சும்மா கோட்டைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறவனை வேறு எப்படித்தான் ஆட வைப்பது?

திட்ட வேண்டிய இடம் வேறு. 2016-இல் பெண்களுக்கு மூன்று அணிகளோடு ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரே சீசன், அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள். ஆண்களின் ஆட்டம் மட்டும் பிரைம் டைமில் ஜோராக நடந்தது. இதற்கு ஸ்டாரைக் கேளுங்கள், நடத்திய நிறுவனத்தைக் கேளுங்கள், ஸ்க்ரூவாலா மாதிரி அணி முதலாளிகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் கேளுங்கள். நானும் கூட வருகிறேன். ஆனால் மரபுக் காவலர்கள் ஒருத்தர்கூட இதைப் பற்றி ஒரு வரி அனுப்பியதில்லை. அவர்களுக்குப் பெண்கள் ஆடுவதே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த சீசனில் அந்தச் செய்தியை எனக்கு அனுப்ப நினைப்பவர்கள், கூடவே ஐந்து தமிழ்நாட்டுக் கபடி வீரர்களின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். சேரலாதனை நானே சொல்லிவிட்டேன், அவரைக் கழித்துக்கொள்ளுங்கள். 'கில்லி' விஜய் கணக்கில் வராது.