மைசூரு பாஜகவில் மங்கும் மிதவாதக் குரல்

ஊட்டியிலிருந்து குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு வழியாக மைசூருக்குச் செல்லும் தமிழகப் பயணிகள், நகருக்குள் நுழையும் முன் ஜேஎஸ்எஸ் கல்லூரி அருகே ஒரு பேருந்து நிழற்குடையைக் கடந்து செல்கின்றனர். கர்நாடக பாஜகவில் மிதவாதிகளின் செல்வாக்கு எந்த அளவுக்குச் சரிந்துள்ளது என்பதை 2022 நவம்பரில் வெளிச்சம் போட்டுக் காட்டியது அந்த நிழற்குடைதான்.

அதன் மேல் மூன்று குவிமாடங்கள் இருந்தன. நடுவில் பெரியது, இரு பக்கமும் சிறியவை. இது மசூதியின் தோற்றம் என்று அப்போதைய மைசூரு மக்களவை உறுப்பினர் பிரதாப் சிம்ஹா ஆட்சேபம் தெரிவித்தார். சில நாள்களில் அகற்றாவிட்டால் தாமே ஜேசிபி இயந்திரத்துடன் வந்து இடிக்கப்போவதாகவும் எச்சரித்தார். நிழற்குடை அமைந்த கிருஷ்ணராஜா தொகுதியின் எம்எல்ஏ எஸ்.ஏ. ராமதாஸும் பாஜகவைச் சேர்ந்தவர்தான். மாநிலத்திலும் மத்தியிலும் ஆட்சி அக்கட்சியுடையது.

மைசூரு அரண்மனையின் சாயலில் அமைக்கப்பட்ட வடிவம் இது என்று ராமதாஸ் விளக்கினார். குவிமாடங்களின் மேல் கலசங்களும் வைக்கப்பட்டன. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பர் 27-ஆம் தேதி பார்த்தபோது சிறிய குவிமாடங்கள் இரண்டும் காணாமல் போயிருந்தன. எஞ்சிய ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. சர்ச்சையை முடிக்கவே அவற்றை அகற்றியதாக ராமதாஸ் கூறினார்.

நான்கு முறை வென்ற அந்த எம்எல்ஏவுக்கு அடுத்த ஏப்ரலில் தேர்தல் சீட்டு மறுக்கப்பட்டது. நிழற்குடைதான் காரணம் என்று கட்சி கூறவில்லை. அதை மட்டுமே காரணமாகக் காட்டுவதும் சரியாகாது. ராமதாஸை மாற்றுக் கொள்கையாளர் என்றும் சொல்ல இயலாது. குடிநீர், சாலை, நலத்திட்டம் ஆகியவற்றைப் பேசி வாக்குச் சேகரித்த, பரிவாரத்துக்குள் வளர்ந்த நகர்ப்புற அரசியல்வாதி அவர். கர்நாடக பாஜகவில் மிதவாதிகள் என்று அழைக்கப்படுவோரில் பெரும்பாலோர் இத்தகையவர்களே.

முன்னாள் முதல்வர் எடியூரப்பாவும் இந்த வரிசையில் வருபவர்தான். ஆயினும் 2019 ஜூலையில் மீண்டும் முதல்வரானவுடன் திப்பு ஜயந்தி விழாவை ரத்து செய்தவரும் அவரே என்பதால், மிதவாதி என்ற அடைமொழியை அளந்துதான் பயன்படுத்த வேண்டியுள்ளது.

பேசியவர்களின் நிலை: 2021 ஜூலையில் எடியூரப்பா பதவி விலகியதும் களம் மாறியது. ஹிஜாப் விவகாரம், ஹலால் எதிர்ப்பு, கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகளுக்குத் தடை என 2022-ஆம் ஆண்டின் முற்பகுதி முழுவதும் சர்ச்சைகள் தொடர்ந்தன. வியாபாரிகள் மீதான தடையைக் கட்சிக்குள் இருந்தபடியே வெளிப்படையாகக் கண்டித்தவர்கள் சிலரே. அவர்களில் இருவர் மைசூரைச் சேர்ந்த சட்ட மேலவை உறுப்பினர் எச். விஸ்வநாத்தும், பெலகாவி எம்எல்ஏ அனில் பெனகேயும் ஆவர். பெனகேவுக்கு 2023-இல் சீட்டு கிடைக்கவில்லை. விஸ்வநாத் கட்சியிலிருந்து விலகியே நின்றார்.

எடியூரப்பாவை 2022 ஆகஸ்டில் கட்சியின் ஆட்சிமன்றக் குழுவில் தில்லி தலைமை சேர்த்துக்கொண்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அத்வானியும் முரளி மனோகர் ஜோஷியும் வழிகாட்டும் குழுவுக்கு அனுப்பப்பட்டு ஒதுக்கப்பட்ட அனுபவத்துடன் ஒப்பிட்டால் இது மரியாதைதான். ஆனால் ஹிஜாப், ஹலால் பிரச்னைகள் தேவையற்றவை என்று அவர் வெளிப்படையாகக் கூறியது 2023 ஏப்ரலில். வாக்குப்பதிவுக்கு அப்போது ஒரு மாதம்கூட முழுதாக இல்லை.

தேர்தலில் பாஜகவின் வாக்கு விகிதம் 2018-இல் இருந்ததுபோல் சுமார் 36 சதவீதமாகவே நீடித்தது. இடங்கள் மட்டும் 104-இலிருந்து 66-ஆகச் சரிந்தன. மைசூரு மாவட்டத்தின் 11 தொகுதிகளில் மூன்றாக இருந்த எண்ணிக்கை ஒன்றானது. அந்த ஒன்றும் கிருஷ்ணராஜா என்பதுதான் ராமதாஸ் ஆதரவாளர்களுக்குச் சங்கடம். அவர் இல்லாமலேயே, டி.எஸ். ஸ்ரீவத்சாவை நிறுத்திக் கட்சி அங்கு வென்றது. மிதவாதிகள் இன்றியமையாதவர்கள் அல்லர் என்று வாதிடுவோருக்கு இந்த ஒரு வெற்றி போதுமானதாக இருந்தது. மற்ற பத்துத் தொகுதிகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

தீவிரப் போக்கினரும் தண்டனைக்குத் தப்பவில்லை என்பது உண்மை. 2023 டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசியவர்களுக்குப் பார்வையாளர் அனுமதிச் சீட்டு கிடைத்தது பிரதாப் சிம்ஹாவின் பரிந்துரையில்தான். 2024-இல் அவருக்குப் பதிலாக அரச குடும்பத்தின் யதுவீர் உடையார் நிறுத்தப்பட்டு 1,39,262 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். யத்னால் 2025 மார்ச்சில் ஆறு ஆண்டுகளுக்கு நீக்கப்பட்டார். ஆனால் யத்னால் மீதான நடவடிக்கை ஒழுங்கு மீறலுக்கானது. அவரது மதவாதப் பேச்சுகளுக்கானது அல்ல. ஆள்கள் மாறினர், பேச்சு மாறவில்லை.

தசரா சோதனை: சர்வதேச புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் பானு முஷ்தாக்கை 2025 தசராவைத் தொடங்கிவைக்க மாநில அரசு அழைத்தபோது இது தெளிவாயிற்று. 2017-இல் கவிஞர் நிசார் அகமது தொடங்கிவைத்த விழா அது. பிரதாப் சிம்ஹா உயர் நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியானது. யதுவீரோ தேவியர் மீதான தமது மதிப்பை பானு முஷ்தாக் தெளிவுபடுத்த வேண்டும் என்று கோரினார். மிர்சா இஸ்மாயிலை 1926 முதல் 1941 வரை திவானாக வைத்திருந்த அரச மரபின் வாரிசு அவர். மென்மையான முகமாகக் கருதப்பட்டவரே, பதவியிழந்தவர் எழுப்பிய கேள்வியை வேறு சொற்களில் கேட்க நேர்ந்தது.

பழைய மைசூரு வட்டாரத்தில் ஒக்கலிகர், தலித், பிற்படுத்தப்பட்டோர் வாக்குகள் இல்லாமல் பாஜக பெரும்பான்மையை எட்ட இயலாது. தலித் வாக்குகளுக்குப் பாலமாக இருந்த வி. ஸ்ரீநிவாஸ் பிரசாத் 2024 ஏப்ரலில் காலமானார். வருணா, திருமகூடலு நரசிபுரா போன்ற தொகுதிகளில் வாக்குக் கேட்டுச் செல்லத் தகுந்த முகங்களைக் கட்சி தன்னிடம் வளர்த்துக்கொள்ளவில்லை. 2023 செப்டம்பரில் தேவெ கௌடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளத்துடன் கைகோத்து அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது.