தீனி தின்றும் கோழி மெலிகிறதா?

'மழைக்காலத்துக்குப் பிறகு நாட்டுக்கோழிகள் நன்றாகத் தீனி எடுத்தும் மெலிகின்றன, முட்டையும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?'
– வாசகர், சிதம்பரம்.

குடற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்தால், எந்தப் புழு என்பது தெரியும். உருண்டைப்புழுவுக்கு பைப்பரசின் மருந்து கேட்கும், நாடாப்புழுவுக்குக் கேட்காது. எனவே மருந்தையும் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும். முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து மட்டும் போதாது. எச்சத்தில் விழும் உருண்டைப்புழு முட்டைகள், ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சுமார் 2 வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அதே இடத்தில் கிளறித் தின்றால் மறுபடியும் புழுதான். மருந்து கொடுத்த மறுநாளே கூண்டைக் கூட்டி, எச்சத்தை எருக்குழியில் போட்டு மூடுங்கள். தண்ணீர் தேங்கும் தரையை மண் கொட்டி மேடாக்குங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாமல் தனியாக வளருங்கள்.