எதிரொலியை எங்கே வைப்பது?

பாடற்குழு இளைஞர்களே, அவர்களுக்குக் கீபோர்டு வாங்கித் தந்த பெற்றோர்களே,

கருவியின் விலையை விசாரிக்கிறோம். அதனுள்ளே ஒலி எவ்வழியாகச் செல்கிறது என்று கேட்பதில்லை. விளைவு? பதிலுரைப் பாடலின் சொற்கள் கடைசி வரிசையிலுள்ள மூதாட்டியின் செவிக்கு எட்டுவதேயில்லை.

முதலில் வரிசை. 1935-இல் வெளிவந்த ஹாமண்ட் ஆர்கனுக்குப் பின்னாளில் லெஸ்லி என்னும் சுழலும் ஒலிபெருக்கி துணையாயிற்று. அதன் வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒலி சற்றே கரகரத்து, அதன் பின்னரே சுழலும் கொம்பினுள் புகும். ஆகவே, உங்கள் கீபோர்டிலும் ஓவர்டிரைவ் முன்னும் சுழற்சி பின்னும் நிற்கட்டும். மாற்றி வைத்தால் சுழற்சியின் ஏற்ற இறக்கம் நசுங்கிவிடும். ரிவெர்ப் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குப் பின் கரகரப்பைச் சேர்த்தால் எதிரொலியும் சேர்ந்து கரகரத்து, சேறு கலக்கியதுபோல் ஆகும்.

அடுத்தது வழி. பல கருவிகளில் சில எஃபெக்ட்கள் ஒரே டோனுக்கு உரியவை. ரிவெர்ப்போ பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொது. ஒவ்வொரு டோனிலிருந்தும் அதற்கு எவ்வளவு அனுப்புவது என்பதே நம் கையில் உள்ளது. பியானோவையும் வயலின்களையும் இணைத்து வாசிக்கையில், வயலின்களிலிருந்து சற்றுத் தாராளமாகவும் பியானோவிலிருந்து சிக்கனமாகவும் அனுப்புங்கள். பேஸிலிருந்து அறவே வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே கேபிள்தான் போகிறதென்றால், இடது–மோனோ என்று குறித்த துளையில் செருகுங்கள். வலப்புறத்தில் செருகினால் பாதி ஒலி காணாமற்போகலாம்.

இனி, கருவிக்கு வெளியே இருக்கும் எஃபெக்ட். இராயப்பர் பெயர் தாங்கிய நம் இராயபுரத்தின் பழைய ஆலயம் போன்ற கட்டடங்களில் சுவரே எதிரொலிக்கும். முப்பது மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு ஏறக்குறைய 0.18 வினாடி ஆகும். அதன்மேல் பொத்தானையும் திருகினால், ஒரு சொல் முடியுமுன் மறுசொல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெரிதும் போற்றிய குழல் ஆர்கனுக்கு எதிரொலி தந்தது கட்டடமேயன்றிப் பொத்தான் அன்று! திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் தாழ்ந்த கூரையுள்ள சிற்றாலயமெனில் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, சொற்கள் தெளிவாகும் வரை ரிவெர்ப்பைக் குறையுங்கள். ஞாயிறன்று மக்கள் நிறைந்தபின் அதே அளவு சற்றே வறண்டு ஒலிக்கும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுபவை. உடனே கூட்டிவிடாதீர்கள், வருகைப் பாடல் முடியும் வரையேனும் பொறுத்துக் கேளுங்கள்.