பதிவோடு நின்றால் போதாது

இந்தியச் சந்தைக்கு வரும் ஐரோப்பியச் சிறு நிறுவனங்கள் தங்கள் பெயரை இங்கேயே பதிய வேண்டும். சொந்த நாட்டுப் பதிவு இங்கே செல்லாது. ஸ்காட்ச் விஸ்கிகூடச் சென்னையில், ஓர் ஊரோடு பிணைந்த பொருட்பெயர்களைப் பதியும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தை நாடியது. 2009இல் திருப்பதி லட்டுக்கும் அங்கேதான் குறியீடு கிடைத்தது.

ஆனால் ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியைப் பாருங்கள். மூங்கில் எழுதுகோலால் கையால் வரைந்து, தாவரச் சாயமேற்றி, பலமுறை அலசிக் காயவைக்கும் துணி அது. குறியீடு இருந்தும், இயந்திரத்தில் அச்சான துணி கலம்காரி என்றே கடைகளில் தொங்குகிறது. வழக்காடப் போனால் கைவினைஞருக்கு அன்றைய கூலி போகும். அயலிலிருந்து வரும் சிறு உற்பத்தியாளருக்கும் இதே நெருக்கடிதான். ஆந்திரத்தில் குடுபல்லி முதல் திருப்பதி வரை கடைகளில் சோதனை நடத்துவதையும், சிறு உற்பத்தியாளர்களின் வழக்குச் செலவையும் அம்மாநில அரசு ஏற்க வேண்டும்.