பாதியாகக் கரையும் அரசியல் அறிவியல் பட்டம்



பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளங்கலைப் பட்டங்களுக்கென வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பைப் பற்றிய விவாதம், பட்டம் மூன்றாண்டா நான்காண்டா என்னும் கேள்வியிலேயே இன்றுவரை சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த ஆண்டுகளுக்குள் மாணவர் தம் துறையை எவ்வளவு நேரம் படிக்கப்போகிறார் என்பதோ ஏறத்தாழ யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. நூல்களை ஊன்றிப் படித்தும் கருத்துகளை எதிர்த்து வாதிட்டும் மட்டுமே கற்கக்கூடிய அரசியல் அறிவியல் போன்ற ஒரு துறை, இந்தக் கட்டமைப்பால் வெறும் அறிமுகப் பாடமாகச் சுருங்குகிறது என்பதே இக்கடிதத்தின் கண்டனம்.

கணக்கு எளிதானது. ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்புக்கு வழங்கப்படும் மதிப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள் வேண்டும். அவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு, அதாவது மாணவர் எந்தத் துறையின் பெயரால் பட்டம் பெறுகிறாரோ அந்தத் துறைக்கு, ஒதுக்கப்படுவது குறைந்தபட்சம் 60. எஞ்சியவை துணைப் பாடம் (24), பல்துறைப் பாடங்கள் (9), மொழித்திறன் (8), தொழில்திறன் (9), விழுமியக் கல்வி (6 முதல் 8 வரை), கோடைக்காலப் பணிப்பயிற்சி (2 முதல் 4 வரை) எனப் பங்கிடப்பட்டுள்ளன. ‘குறைந்தபட்சம்’ என்றுதானே சொல்லப்பட்டிருக்கிறது, பல்கலைக்கழகங்கள் கூட்டிக்கொள்ளலாமே என்று வாதிடுவோர், எல்லாத் தலைப்புகளின் குறைந்தபட்சங்களையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்: 118 வருகிறது. 120 என்னும் எல்லைக்குள் நின்று முதன்மைப் பாடத்தை வளர்க்க விரும்பும் துறைத்தலைவருக்குக் கிடைப்பது இரண்டே கிரெடிட்டுகள், முழுதாக ஒரு தாளுக்குக்கூடப் போதாதவை.

60 கிரெடிட்டுகளை நான்கு கிரெடிட் தாள்களாகப் பகுத்தால் 15 தாள்கள் வரும். அரசியல் கோட்பாடு, பிளேட்டோவிலிருந்து மார்க்ஸ் வரையிலான மேலை அரசியல் சிந்தனை, இந்திய அரசியல் சிந்தனை, அரசமைப்பு, கூட்டாட்சி, கட்சிகளும் தேர்தல்களும், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம், உள்ளாட்சி, ஆய்வு முறையியல் என்று எண்ணத் தொடங்கினாலே இடம் நெருக்கடியாகிவிடும். இவற்றுள் அரசமைப்புத் தாளை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நடைமுறைக்கு வந்தபோதே 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்டிருந்த ஓர் ஆவணத்தை 60 மணி நேரத்துக்குள் நடத்தி முடிக்க வேண்டிய ஆசிரியர், மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் 356ஆம் உறுப்புக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்? அந்த உறுப்பைப் புரிந்துகொள்ள, 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பைப் படித்து, பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் ஆளுநர் மாளிகையன்று, சட்டப்பேரவையே என்னும் முடிவுக்கு நீதிமன்றம் எந்த வழியில் வந்தது என்று பின்தொடர வேண்டும். அதற்கு முன், மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளையும், தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் அரசுகள் நீக்கப்பட்ட சூழல்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய வேகத்தில் நடப்பதோ, உறுப்பின் எண்ணும் இரண்டு வரி விளக்கமும் குறிப்பேட்டில் ஏறி, பருவத் தேர்வில் ‘குறிப்பு வரைக’ என்ற வினாவுக்கு விடையாக இறங்குவதுதான். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கும், அதையொட்டி 1951இல் முதல் திருத்தம் வழியே சேர்க்கப்பட்ட 15(4)ஆம் கூறும் இதே கதியைத்தான் அடைகின்றன.

இத்தகைய நெருக்கடிக்கு நடுவிலும் பாதியில் வெளியேறுவதற்கான ஏற்பாடுகள் மட்டும் வெகு நேர்த்தியாகச் செய்யப்பட்டுள்ளன. 40 கிரெடிட்டுகளோடு முதலாண்டு முடிவில் வெளியேறுபவர், தொழிற்கல்வித் தாள் ஒன்றையும் முடித்திருந்தால், சான்றிதழ் பெறலாம்; இரண்டாமாண்டு முடிவில் பட்டயம் பெறலாம். வீட்டின் அறைகளைக் குறுக்கிவிட்டு வாசல்களைப் பெருக்கிய கட்டுமானம் இது. கூட்டாட்சியையும் ஆய்வு முறையியலையும் தொடாமல், முதல் இரு பருவங்களின் அறிமுகத் தாள்களோடு வெளியேறும் ஒருவரின் கையிலுள்ள ‘அரசியல் அறிவியல் சான்றிதழ்’ எந்தப் பணிக்கு உதவும் என்பதை, இதை வகுத்தவர்கள்தாம் விளக்க வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்கு உதவும் பட்டம் என்று சேர்க்கைக் காலத்தில் விளம்பரம் செய்யப்படுவதும் பொருந்தவில்லை. அந்தத் தேர்வின் விருப்பப் பாடத்துக்குரிய இரண்டு தாள்களும் 500 மதிப்பெண்ணும் கேட்பது, அறிமுகப் பாடம் தர இயலாத ஆழத்தைத்தான்.

மூன்றாண்டுப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட தமிழ்நாடு இதைக் கண்டு மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டத்தை 2010இல் இயற்றிய அரசு, அவ்வாறு படிப்போரின் கையில் என்ன நூல் இருக்கிறது என்று பார்க்கத் தவறிவிட்டது. அரசியல் அறிவியலைத் தமிழில் படிக்கும் மாணவருக்கு இன்று பெரும்பாலும் துணையாக இருப்பவை நகல் கடையில் கிடைக்கும் வினா-விடைத் தொகுப்புகளும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுமே. மத்திய-மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு 1971இல் அளித்த அறிக்கை, இந்த மண்ணிலிருந்து எழுந்த முதன்மையான அரசியல் ஆவணங்களுள் ஒன்று. மாநில உரிமைகளை ஆராய 2025இல் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைக்கப்பட்ட நிலையில், முந்தைய அறிக்கையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து பட்டம் பெறும் தலைமுறையை உருவாக்குவது இந்த மாநிலத்துக்கு அழகன்று.

களப்பணி பற்றியும் ஒரு சொல். ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் உறுப்பினராக இருக்கும் அவையே கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் அது கூடுவதற்குத் தமிழ்நாட்டில் ஏற்பாடு உள்ளது. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் கட்டித்தர வேண்டும். அரசியல் அறிவியலுக்கோ பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் அது செலவின்றிக் காத்திருக்கிறது. கூட்டத்துக்கு யார் வந்தார்கள், வரவு-செலவுக் கணக்கு படிக்கப்பட்டதா, தீர்மானப் பதிவேட்டில் கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கப்பட்டதா, பெண்கள் பேச எழுந்தபோது என்ன நடந்தது என்பனவற்றை ஒரு மாணவர் இரண்டு கூட்டங்களில் உடனிருந்து பதிவு செய்தால், ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்த 1992இன் 73ஆம் திருத்தம் எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே இல்லை என்பதை அவர் எந்த பாடநூலைவிடவும் தெளிவாக அறிவார். செய்முறைப் பயிற்சிக்கு 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் வழங்கக் கட்டமைப்பே இடமளிக்கிறது. ஆயினும் பணிப்பயிற்சி என்ற பெயரில் எங்கோ ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிச் சான்றிதழ் வாங்கி வருவதே வழக்கமாகிவிட்டது.

ஆகவே பல்கலைக்கழக மானியக் குழு முதன்மைப் பாடத்தின் பங்கை மூன்றாண்டுப் பட்டத்தில் 80 கிரெடிட்டுகளுக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும்; தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள், அரசமைப்பையும் கூட்டாட்சியையும் தனித்தனித் தாள்களாக வைத்து, தீர்ப்புகளையும் ஆணைய அறிக்கைகளையும் மூலத்திலேயே படிப்பதைக் கட்டாயமாக்கி, கிராம சபைக் களப்பணிக்கு மதிப்பெண் வழங்க வேண்டும்; அந்த மூலங்களைத் தமிழில் குறைந்த விலையில் வெளியிடும் பொறுப்பைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் ஏற்க வேண்டும். அதுவரை, இளங்கலை அரசியல் அறிவியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களும் பெற்றோரும், கல்லூரியின் பாடத்திட்ட ஏட்டைக் கேட்டு வாங்கி, அதில் அத்துறைக்குரிய தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே கட்டணம் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.